டிராகன் விழித்த பிறகு

சுவர் எழும்பவே இல்லை. பகலெல்லாம் ஆட்கள் சுமந்து சேர்த்த கல்லும் மரமும் விடிவதற்குள் காணாமல் போயின. மறுபடியும் சேர்த்தார்கள், மறுபடியும் காணோம். வேல்ஸின் வடமேற்கே, ஸ்னோடோனியா மலைகளுக்கு நடுவில் உள்ள தினாஸ் எம்ரிஸ் குன்றின்மேல் வோர்ட்டிகெர்ன் என்ற அரசன் கட்ட நினைத்த கோட்டையின் கதை இது. கி.பி. 829-830 வாக்கில் இலத்தீனில் தொகுக்கப்பட்ட ‘ஹிஸ்டோரியா பிரிட்டோனம்’ நூலில் வருகிறது. சாக்சன் வீரர்களை வரவேற்று நாட்டுக்குள் குடியமர்த்தியவன் வோர்ட்டிகெர்ன்தான். அவர்கள் கை ஓங்கியதும், உயிர் பிழைக்க ஓர் இடம் தேடி இந்தக் குன்றுக்கு வந்திருந்தான். தகப்பன் இல்லாத பையன் ஒருவனைப் பலியிட்டு அவன் இரத்தத்தை அடித்தளத்தில் தெளித்தால் சுவர் நிற்கும் என்றார்கள் அரசவை மந்திரவாதிகள்.

பிடித்துவரப்பட்ட பையன் அவர்களைத் திருப்பிக் கேட்டான்: இந்தத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியவில்லை. தோண்டச் சொன்னான். அடியில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் இரண்டு கலங்கள், அவற்றுக்கு நடுவே மடித்து வைத்த துணி, துணிக்குள் உறங்கிக்கொண்டிருந்த இரண்டு டிராகன்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. விழித்ததும் இரண்டும் மோதின. தொடக்கத்தில் வெள்ளை டிராகன் சிவப்பை ஓரம் வரை விரட்டியது. கடைசியில் சிவப்பு அதைத் துரத்தியடித்தது. சிவப்பு பிரிட்டன் மக்கள், வெள்ளை சாக்சன்கள் என்று பையன் பொருள் சொன்னான். இந்த இடத்தில் நீ கட்ட முடியாது, வேறிடம் போ என்று அரசனிடமே சொன்னான். அரசன் குன்றையும் மேற்கு நாடுகளையும் அவனிடம் விட்டுவிட்டுப் போனான். 1136 வாக்கில் ஜெஃப்ரி ஆஃப் மன்மத் இந்தக் கதையைத் திரும்ப எழுதியபோது பையனுக்கு மெர்லின் என்று பெயர் வந்தது. 1959 முதல் வேல்ஸின் அதிகாரபூர்வக் கொடியில் இருப்பது அந்தச் சிவப்பு டிராகன். 1950களின் நடுவில் நடந்த அகழாய்வில் குன்றின்மேல் மனிதர் வெட்டிய ஒரு குளத்தின் தடமும் கிடைத்தது.

அந்த டிராகன்களை அங்கே புதைத்தது யார்? இதற்கு விடை சொல்லும் தனிக் கதை ஒன்று வெல்ஷ் மொழியில் உண்டு. லுத் என்ற அரசனின் காலத்தில் ஒவ்வொரு மே மாதத் தொடக்கத்துக்கு முந்தைய இரவும் ஓர் அலறல் தீவு முழுக்கக் கேட்டது. ஆண்கள் வலுவிழந்தார்கள், பெண்களுக்குக் கரு கலைந்தது, நிலமும் மரமும் நீரும் மலடாயின. இரண்டு டிராகன்கள் சண்டையிடும் ஓசை அது. லுத் தீவின் நீள அகலங்களை அளந்து அதன் நடுப்புள்ளி ஆக்ஸ்ஃபோர்டு என்று கண்டான். அங்கே குழி தோண்டி, தேறல் நிரம்பிய தொட்டியை வைத்துப் பட்டால் மூடினான். சண்டையிட்டுக் களைத்த டிராகன்கள் அதில் விழுந்து, குடித்து, மயங்கின. பட்டில் சுற்றி, கல்பெட்டிக்குள் வைத்து, ஸ்னோடோனியாவில் புதைத்தான். நாட்டுக்கு நிம்மதி வந்தது. பின்னால் வந்த வோர்ட்டிகெர்ன் அந்த நிம்மதியின் மேல்தான் கோட்டை கட்டப் பார்த்தான்.

விழித்தெழும் டிராகன் இன்று மிகுபுனைவு எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வு. நாவல், தொலைக்காட்சித் தொடர், கணினி விளையாட்டு எதை எடுத்தாலும் எங்கோ ஒரு மலையடியில் கண்ணிமை ஒன்று திறக்கிறது, ஊர் எரிகிறது, வீரன் புறப்படுகிறான். பெரும்பாலான படைப்புகள் அந்தத் தீயோடு நின்றுவிடுகின்றன. வலுவான படைப்புகள் வேறொரு கணக்கைப் பார்க்கின்றன: டிராகன் உறங்கிய காலத்தில், அந்த உறக்கத்தை நம்பி மனிதர்கள் எதையெல்லாம் கட்டினார்கள்? எந்த அரியணை, எந்த வணிகம், எந்த மதம்? டிராகன் விழிக்கும்போது உலகம் எவ்வளவு குலுங்கும் என்பதை அதன் இறக்கையின் நீளம் தீர்மானிப்பதில்லை, அதன்மேல் கட்டப்பட்டவற்றின் உயரம் தீர்மானிக்கிறது.

பழைய ஆங்கிலக் காவியமான ‘பியோவுல்ஃப்’ இதை முதலிலேயே கண்டுகொண்டது. 3,182 அடிகள் கொண்ட அந்தக் காவியத்துக்கு கி.பி. 1000 வாக்கில் எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதிதான் எஞ்சியிருக்கிறது. 1731இல் லண்டனின் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் பற்றிய தீயில் அதன் ஓரங்கள் கருகின. காவியத்தின் கடைசிப் பகுதியில் பியோவுல்ஃப் கிழவன். ஐம்பது ஆண்டுகள் கீட் மக்களை ஆண்டு முடித்தவன். அவன் நாட்டில் ஒரு புதைமேட்டுக்குள் முந்நூறு ஆண்டுகளாக ஒரு டிராகன் புதையலைக் காத்துக்கொண்டு கிடக்கிறது. புதையல் டிராகனுடையதும் இல்லை. போரில் அழிந்துபோன ஓர் இனத்தின் கடைசி மனிதன், இனி கிண்ணத்தைத் துலக்கவும் வாளை ஏந்தவும் ஆளில்லை என்று புலம்பி மண்ணுக்குள் வைத்த சொத்து அது.

டிராகனை எழுப்புபவன் வீரன் இல்லை. எசமானின் சவுக்குக்குப் பயந்து ஓடிவந்த ஓர் ஏழை. அவனைப் பற்றிச் சொல்லும் ஏடு மோசமாகச் சிதைந்திருப்பதால் அவன் அடிமையா வேறு யாருமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஒதுங்க இடம் தேடிப் புதைமேட்டுக்குள் நுழைந்தவன் ஒரு கிண்ணத்தை எடுத்துப் போய், சமாதானக் காணிக்கையாக எசமானிடம் கொடுக்கிறான். ஒரு கிண்ணம் குறைந்தது டிராகனுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்றிரவே ஊர்கள் எரிகின்றன. பியோவுல்ஃபின் சொந்த மண்டபமும் சாம்பலாகிறது. பதினொரு வீரர்களோடு, அந்தத் திருடனையே வழிகாட்டியாக்கிப் புறப்படுகிறான் அரசன். சண்டை தொடங்கியதும் விக்லாஃப் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் காட்டுக்குள் ஓடுகிறார்கள். டிராகன் சாகிறது, பியோவுல்ஃபும் சாகிறான்.

இதற்குப் பிறகு வருவதுதான் காவியத்தின் கனமான பகுதி. அரசனின் சாவுச் செய்தியைக் கொண்டுவரும் தூதன், டிராகனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அண்டை நாடுகளைப் பற்றிப் பேசுகிறான். ஃபிராங்குகளும் ஃபிரீசியர்களும் பழைய படையெடுப்பை மறக்கவில்லை. சுவீடன்காரர்கள் பழைய கொலைகளை மறக்கவில்லை. பியோவுல்ஃப் இருந்தவரை வாய்மூடியிருந்தவர்கள் இனி வருவார்கள். தூதன் சொல்லும் படையெடுப்பு வரலாற்றில் நடந்த ஒன்று: பியோவுல்ஃபின் மாமன் ஹிகெலாக் ஃபிராங்கு நிலத்தில் கொள்ளையிடப் போய் மாண்டதை ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் கிரிகோரி ஆஃப் தூர் பதிவு செய்திருக்கிறார். ஐம்பது ஆண்டு அமைதி முழுவதும் ஒரே மனிதனின் புயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை டிராகன் வெளிக்காட்டிவிட்டது. தீ ஓய்ந்த பிறகுதான் நாடு அழியப்போகிறது. புதையலையும் யாரும் அனுபவிக்கவில்லை. அரசனோடு சேர்த்து அதை மறுபடியும் மண்ணில் புதைத்தார்கள்.

அறிஞர்கள் இந்த டிராகனைப் பல காலம் சிறுபிள்ளைத்தனமான சேர்க்கையாகவே பார்த்தார்கள். 1936 நவம்பர் 25 அன்று பிரிட்டிஷ் அகாதமியில் ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆற்றிய உரை அந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டது. அரக்கர்கள்தான் காவியத்தின் உயிர் என்றார் அவர். பத்து மாதம் கழித்து, 1937 செப்டம்பரில் அவருடைய ‘த ஹாபிட்’ வெளிவந்தது. அதில் பில்போ என்ற ஹாபிட் நாயகன் டிராகனின் குகைக்குள் இறங்கி முதலில் எடுப்பது ஒரு கிண்ணம்.

ஆனால் டோல்கீன் கிண்ணத்தோடு நிற்கவில்லை. ஸ்மாக் என்ற அவருடைய டிராகன் எரெபோர் மலையைக் கைப்பற்றி 171 ஆண்டுகள் ஆகின்றன. மலையைப் பறிகொடுத்த குள்ளர்கள் நாடோடிகளாகிவிட்டார்கள்; மலையடியில் செழித்திருந்த டேல் நகரம் இடிபாடாகிவிட்டது; அதன் வழித்தோன்றல்கள் ஏரிக்குள் மரக்கால்கள்மேல் நிற்கும் எஸ்கரோத் என்ற ஊரில் வணிகம் செய்து பிழைக்கிறார்கள். விழித்த ஸ்மாக் அந்த ஊரை எரிக்கிறது. பார்ட் என்ற வில்லாளி ஒற்றை அம்பில் அதை வீழ்த்துகிறான். குழந்தைகளுக்கான கதை இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். டோல்கீன் இங்கேதான் நாவலைத் திருப்புகிறார். காவலற்றுக் கிடக்கும் பொன் யாருக்கு? குள்ளர்களின் தலைவன் தோரின் பரம்பரைச் சொத்து என்கிறான். குவியலில் டேல் நகரத்தின் செல்வமும் கலந்திருக்கிறது, உங்களுக்கு உதவியதால்தான் எங்கள் ஊர் எரிந்தது, குளிர்காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் வெட்டவெளியில் கிடக்கிறார்கள் என்கிறான் பார்ட். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு. எல்ஃப் அரசனின் படை, ஏரி மனிதர்களின் படை, இரும்பு மலைகளிலிருந்து தோரினின் உறவினன் கொண்டுவரும் படை என்று மலைவாசலில் கூட்டம் சேர, வடக்கிலிருந்து கோப்ளின்களும் கிளம்புகின்றன. டிராகன் உயிரோடு இருந்தவரை அந்த வட்டாரத்தில் யாரும் யாரோடும் போரிடவேண்டிய தேவை எழவில்லை. செத்த சில வாரங்களில் ஐந்து படைகள் மோதுகின்றன, தோரினும் சாகிறான். ஸ்மாக்கின் வயிற்றுக்கடியில் கிடந்தது பொன் மட்டுமா? தீர்க்கப்படாத ஒரு பாகப்பிரிவினை வழக்கும் அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. ‘த ஹாபிட்’ இன்றும் பெரியவர்கள் படிக்கத் தகுந்த நூலாக இருப்பதற்கு இந்தக் கடைசி அத்தியாயங்களே காரணம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் (முதல் நாவல் 1996) டிராகன்கள் இல்லாமல் போயிருக்கவும் வாய்ப்பிருந்தது. டிராகன்களைச் சேர்க்கும்படி தன்னை வற்புறுத்திய தோழி ஃபிலிஸுக்கு மூன்றாம் நாவலை அவர் காணிக்கையாக்கியிருக்கிறார். நல்ல வற்புறுத்தல் அது. வெஸ்டரோஸ் கண்டத்தின் அரியணை, தோற்றவர்களின் வாள்களை பலேரியன் என்ற டிராகனின் தீயில் உருக்கிச் செய்தது. டார்கேரியன் வம்சம் ஆண்டதும் டிராகன்களின் பலத்தால். வம்சத்துக்குள்ளேயே நடந்த வாரிசுப் போரில் டிராகன்கள் ஒன்றையொன்று கொன்று தீர்த்தன. அந்நாட்டுக் கணக்கில் 153ஆம் ஆண்டு கடைசி டிராகன், நோஞ்சானாக, செத்தது. வம்சமோ 283 வரை நீடித்தது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் அந்த அரியணை டிராகன்களின் நினைவைக் கொண்டே ஆட்சி நடத்தியது. அரசவைச் சுவரில் மாட்டியிருந்த மண்டையோடுகள் மிச்சமிருந்த படை.

நினைவு போதவில்லை என்பது மன்னர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. ஒருவன் மரத்தாலும் இரும்பாலும் தீயுமிழும் டிராகன் பொறிகளைச் செய்து போருக்கு அனுப்பினான். அவை எல்லையைத் தொடுமுன்பே காட்டில் பற்றி எரிந்தன. இளவரசன் ஒருவன் தீத்திரவத்தைக் குடித்தால் தானே டிராகனாவேன் என்று நம்பிக் குடித்துச் செத்தான். இவர்களில் மனத்தில் தங்குபவன் ஐந்தாம் ஏகான். இளமையில் வேடமிட்டு ஊர் ஊராக அலைந்து, எளியவர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து கண்டவன். அரசனானபின் அவர்களுக்கு உரிமைகள் கொடுக்க முனைந்தான்; பிரபுக்கள் ஒவ்வொன்றையும் முறித்தார்கள். டிராகன் ஒன்று இருந்தால் இவர்கள் பணிவார்கள் என்ற எண்ணம் அவனுக்குள் முற்றியது. 259இல் சம்மர்ஹால் அரண்மனையில் முட்டைகளைப் பொரிக்கவைக்க முயன்றபோது எழுந்த தீயில் அவனும் அவன் மூத்த மகனும் மாண்டார்கள். நல்ல சட்டத்தைக்கூட அச்சமில்லாமல் நடைமுறைப்படுத்த முடியாத ஓர் அரசமைப்பை அவனுடைய முன்னோர்கள் டிராகன்மேல் ஏறி அமைத்துவைத்திருந்தார்கள். நாவல் வரிசையின் ஓரத்தில் சில வரிகளில் கடந்துபோகும் இந்த மன்னனுடைய துயரம் அதன் மையக் கதைக்கு இணையானது.

மையக் கதையில், கணவனின் சிதைக்குள் நடக்கும் டார்கேரியன் வம்சத்து டெனேரிஸ் மூன்று டிராகன் குஞ்சுகளோடு வெளிவருகிறாள். அடுத்த நாவலில், கடல்களுக்கு அப்பால் இருக்கும் வெஸ்டரோஸ் தலைநகரில், தீத்திரவம் காய்ச்சும் பழைய சங்கத்தார் தங்கள் மந்திரங்கள் திடீரென்று நன்றாக வேலை செய்வதைக் கண்டு வியக்கிறார்கள். எங்காவது டிராகன்கள் இருக்கின்றனவா என்று அவர்களில் ஒருவர் விசாரிக்கிறார். கேள்விப்படாதவர்களையும் எட்டும் அதிர்வு அது. டெனேரிஸ் அஸ்டபோர் நகரில் ஒரு டிராகனை விலைபேசி 8,600 அடிமை வீரர்களை வாங்குகிறாள்; வாங்கிய கணமே எசமானர்கள்மேல் படையையும் டிராகனையும் திருப்பி நகரத்தை விடுவிக்கிறாள். அவள் அமைத்துவிட்டுப் போன ஆட்சிக்குழுவை ஒரு கசாப்புக்காரன் கவிழ்க்கிறான். பின்னர் நகரம் கொள்ளைநோயிலும் முற்றுகையிலும் அழிகிறது. மீரீன் நகரில் அவளே தங்கி ஆளும்போது, ஒரு தகப்பன் கருகிய எலும்புகளைச் சாக்கில் கொண்டுவந்து அவள்முன் வைக்கிறான். அவன் மகள் ஹஸியாவின் எலும்புகள். டெனேரிஸ் தன் கைக்கு எட்டிய இரண்டு டிராகன்களையும் குழிக்குள் சங்கிலியிட்டுப் பூட்டுகிறாள். அடிமைச் சந்தையை எரிக்க உதவியவை, அடிமைச் சந்தை இல்லாமல் ஒரு நகரம் எப்படிச் சாப்பிடும் என்ற கேள்விக்கு உதவவில்லை. மார்ட்டின் டிராகன்களை அணுகுண்டோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். ஐந்தாம் நாவலின் மீரீன் அத்தியாயங்களை இழுவை என்று ஒதுக்கும் வாசகர்கள் பலர். அந்த ஒப்பீட்டின் முழு எடையும் இருப்பது அந்த அத்தியாயங்களில்தான்.

பிரச்சினையை முடிக்காமல் அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிடும் லுத்தின் வழியை 2011 நவம்பரில் வெளியான ‘ஸ்கைரிம்’ என்ற கணினி விளையாட்டும் எடுத்துக்கொண்டது. அல்டூயின் என்ற டிராகனை வெல்ல முடியாத பண்டைய வீரர்கள் அதைக் காலத்தில் முன்னோக்கி எறிந்துவிடுகிறார்கள். பல ஆயிரம் ஆண்டு கழித்து அது வந்திறங்கும்போது நாடு உள்நாட்டுப் போரில் பிளந்து கிடக்கிறது. கிளர்ச்சித் தலைவன் உல்ஃப்ரிக்கின் தலை வெட்டப்படவிருக்கும் நேரத்தில் டிராகன் வந்து ஊரை எரிக்க, அவன் தப்பிவிடுகிறான், போர் நீள்கிறது. ஆடுபவர் அந்தப் போரை அதுவரை முடிக்காமல் விட்டிருந்தால், இரு தரப்பையும் ஒரு மலைமடத்தில் உட்காரவைத்துத் தற்காலிகச் சமாதானம் பேசவேண்டியிருக்கிறது. உலகத்தை விழுங்கவந்த டிராகன் வெளியே இருக்க, உள்ளே எந்த வட்டாரம் யாருக்கு என்று பேரம் நடக்கிறது. இதற்கு முன்பே, 1984இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ நாவல்களில் மார்கரெட் வைஸும் டிரேஸி ஹிக்மனும் வேறொரு திருப்பத்தைக் கையாண்டிருந்தார்கள். அங்கே நல்ல டிராகன்கள் போரிலிருந்து விலகி நிற்கின்றன, ஏனென்றால் அவற்றின் முட்டைகள் எதிரியிடம் பிணையாக இருக்கின்றன. அந்த முட்டைகளைத்தான் எதிரி சிதைத்துத் தன் படைவீரர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறான் என்ற உண்மை வெளிவந்ததும் ஒப்பந்தம் முறிகிறது. இங்கும் அடிப்படை ஒரு களவு.

களவை மனிதகுலத்தின் தொடக்கத்துக்கே கொண்டுபோனவர் உர்சுலா கே. லெ குவின். 2001இல் வந்த ‘த அதர் விண்ட்’ நாவலில் எர்த்ஸீ என்ற அவருடைய கற்பனை உலகின் மேற்குத் தீவுகளை டிராகன்கள் எரிக்கின்றன. ஒவ்வொரு முறையும் தலைநகரை நோக்கிக் கொஞ்சம் நெருங்கி வருகின்றன. இளம் அரசன் லெபானென் படை திரட்டாமல் சபையைக் கூட்டுகிறான். மந்திரவாதிகள், அண்டை நாட்டு இளவரசி, செத்த மனைவியைக் கனவில் ஒரு சுவருக்கப்பால் காணும் கைவினைஞன், பெண்ணுருவில் வரும் டிராகன் எல்லோரும் பேசுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் வரலாற்றின் ஒரு துண்டுதான் இருக்கிறது. சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது: ஆதியில் மனிதர்களும் டிராகன்களும் ஓரினம், மனிதர்கள் உடைமையைத் தேர்ந்தார்கள், டிராகன்கள் விடுதலையைத் தேர்ந்தன. பின்னாளில் சாவுக்கு அஞ்சிய மந்திரவாதிகள் டிராகன்களின் மேற்குவெளியில் ஒரு பகுதியைத் திருடி, சுவரெழுப்பி, ஆவிகள் என்றும் அழியாதிருக்கும் வறண்ட நிலமாக அதை மாற்றினார்கள். அங்கே போகாதவர்கள், மறுபிறப்பை நம்பும் கார்க் மக்கள் மட்டுமே. நாகரிகமற்றவர்கள் என்று மற்றத் தீவுகள் ஏளனம் செய்த மக்கள். திருடப்பட்டது திருப்பிக் கொடுக்கப்படுகிறது. சுவரைக் கையால் இடிக்கிறார்கள். எர்த்ஸீயின் முதல் நாவல் 1968இல் வந்தது. தான் படைத்த உலகத்தின் அடித்தளத்திலேயே ஓர் அநீதி இருந்ததை 33 ஆண்டுகள் கழித்து அந்த எழுத்தாளர் தோண்டியெடுத்தார். இதைச் செய்யும் துணிவு அரிது.

டிராகன் உறக்கத்தின்மேல் ஒரு முழுப் பொருளாதாரத்தையே எழுப்பிக் காட்டியவர் ராபின் ஹாப். மார்கரெட் ஆஸ்ட்ரிட் லிண்ட்ஹோம் ஆக்டன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புனைபெயர் அது. 1998 முதல் 2000 வரை வெளியான அவருடைய ‘லிவ்ஷிப் டிரேடர்ஸ்’ மூன்று நாவல்களும் பிங்டவுன் என்ற துறைமுகத்தில் நடக்கின்றன. அந்த ஊரின் பெருமை, உயிருள்ள கப்பல்கள். மந்திரக்கட்டை என்ற அபூர்வ மரத்தில் கட்டப்படுபவை. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைத் தலைவர்கள் அந்தக் கப்பல் தளத்தில் உயிர்விட்டால், முகப்பில் செதுக்கிய சிலை கண் திறந்து பேசும். உள்நாட்டில் ரெயின் வைல்ட் ஆறு ஓடுகிறது. அதன் நீர் அமிலம், சாதாரணக் கப்பலை அரித்துவிடும். மந்திரக்கட்டைக் கப்பல் மட்டுமே அதில் போக முடியும். ஆற்றின் மேற்பகுதியில் புதைந்த பழைய நகரங்களிலிருந்து தோண்டியெடுக்கும் அதிசயப் பொருட்கள் எல்லாம் இந்தக் கப்பல்கள் வழியாகவே உலகச் சந்தைக்குப் போகின்றன. கப்பலுக்கான கடனைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அடைக்கின்றன. பொன் கொடுக்க முடியாதபோது பிள்ளையைக் கொடுக்கவேண்டும் என்பது பழைய ஒப்பந்தம்.

அந்தக் கட்டை மரமே இல்லை. கடற்பாம்புகள் ஆற்றில் ஏறிவந்து, மணலையும் எச்சிலையும் குழைத்துத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. உள்ளே பாம்பு டிராகனாக மாறிக்கொண்டிருக்கும். வெயில் பட்டால் பொரிக்கும். பேரழிவொன்று நகரங்களைப் புதைத்தபோது, மண்டபத்துக்குள் எடுத்துவைக்கப்பட்டிருந்த கூடுகள் இருளில் சிக்கிக்கொண்டன. பின்னால் வந்த வணிகர்கள் அவற்றைக் கண்டெடுத்தார்கள், அறுத்தார்கள், உள்ளே இருந்த மெல்லிய உடலைத் தரையில் கொட்டிவிட்டுப் பலகையாக்கினார்கள். கப்பல்கள் பேசியதும் கனவு கண்டதும் அந்தப் பலகையில் ஊறியிருந்த டிராகன் நினைவால். கடைசியாக எஞ்சியிருந்த கூட்டுக்குள் டின்டாக்லியா என்ற பெண் டிராகன் இருந்தது. நிலநடுக்கத்தில் மண்டபம் உடைந்து வெளிச்சம் புகுந்தபோது அது வெளியே வந்தது. அந்தக் கணத்திலிருந்து பிங்டவுனில் ஒவ்வொரு கப்பலும் ஒரு பிணம், ஒவ்வொரு பழம்பெரும் குடும்பமும் ஒரு கொலையின் பயனாளி. கப்பல்கள் இதை உணரும் பகுதிகளை ஹாப் அவசரமில்லாமல் எழுதுகிறார். பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிவைத்த பேரகன் என்ற கப்பலுக்குள் ஒரே உடம்பில் இரண்டு டிராகன்கள் முட்டிமோதிக்கொண்டிருந்தன என்று தெரியவரும் இடத்தில், அதன் பழைய குற்றங்கள் எல்லாவற்றையும் வாசகர் திரும்ப எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஹாப் இதைப் பழிவாங்கும் கதையாக ஆக்கவில்லை. பிங்டவுன் வணிகர்களின் ஊர். அவர்கள் டிராகனோடு ஒப்பந்தம் பேசுகிறார்கள். சால்செட் நாட்டுப் படைக்கப்பல்கள் துறைமுகத்தை முற்றுகையிட்டிருக்கின்றன. டின்டாக்லியா அவற்றை விரட்டும். பதிலுக்கு, மிச்சமிருக்கும் கடற்பாம்புகள் கூடு கட்டும் கரைக்குப் போக, தூர்ந்துபோன ஆற்றை மனிதர்கள் ஆழப்படுத்தித் தரவேண்டும், பொரிக்கும்வரை காக்கவேண்டும், பொரித்தபின் உணவூட்டவேண்டும். கையெழுத்தாகிறது. பாம்புகளோ மிகக் கிழமாகி, மிகத் தாமதமாகக் கரையேறியவை. 2009இல் தொடங்கிய ‘ரெயின் வைல்ட் கிரானிக்கிள்ஸ்’ நாவல்களில் பொரித்து வருபவை ஊனமான குஞ்சுகள். பறக்க முடியாதவை, சேற்றில் புரண்டு பசியில் கத்துபவை. டின்டாக்லியா துணை கிடைத்ததும் பறந்துபோய்விடுகிறது. ஆற்றங்கரை நகரத்தின் அவைக்கு இப்போது டிராகன் என்றால் மாதாமாதம் ஏறும் இறைச்சிச் செலவு. புதைநகரத்தைத் தோண்டும் வேலையும் தடைபடுகிறது. குஞ்சுகளை எங்காவது அனுப்பிவிடத் தீர்மானிக்கிறார்கள். ஓட்டிச்செல்லக் கூலிக்கு எடுக்கப்படுபவர்கள், உடலில் செதிலும் நகமுமாகப் பிறந்ததால் ஊரால் ஒதுக்கப்பட்ட இளைஞர்கள். வேண்டாத விலங்குகளையும் வேண்டாத பிள்ளைகளையும் ஒரே படகோடு சேர்த்து அனுப்புகிறது ஊர். வீரமும் தீர்க்கதரிசனமும் நிறைந்த வேறெந்த டிராகன் கதையிலும் இவ்வளவு உண்மையான அரசாங்க முடிவு எடுக்கப்பட்டதில்லை.

சால்செட்டின் நோயுற்ற கோமகனுக்கோ டிராகன் இரத்தமும் இறைச்சியும் மருந்தாக வேண்டும். அதற்காகக் கொலையாளிகளை அனுப்புகிறான், குடும்பங்களைப் பிணையாகப் பிடிக்கிறான். டிராகன்கள் கெல்சிங்ரா என்ற பழைய நகரத்தை அடைந்து, பறக்கக் கற்று, வலுப்பெற்றபின் சால்செட் தலைநகரின்மேல் இறங்குகின்றன. கோமகனின் ஆட்சி அன்றோடு முடிகிறது. ஒதுக்கப்பட்ட இளைஞர்கள் டிராகன்களின் பராமரிப்பில் உருமாறிப் புதிய இனமாகிறார்கள். டிராகன் கவனிக்காமல் விட்டால் அவர்களுடைய குழந்தைகள் பிழைப்பதே கடினம் என்ற விலையும் அதில் அடங்கியிருக்கிறது.

பிங்டவுனின் கணக்கு 2017இல் வெளியான ‘அசாசின்ஸ் ஃபேட்’ நாவலில்தான் முழுதாக வெளிப்படுகிறது. கெல்சிங்ராவின் வெள்ளித்திரவம் கிடைத்தால் பலகைகள் மறுபடியும் டிராகன் உடம்பாக முடியும் என்பதைக் கப்பல்கள் அறிந்துகொள்கின்றன. பேரகன் முதலில் மாறுகிறது. சண்டைக்கு நடுவில், மாலுமிகள் தளத்தில் நிற்கும்போதே, கயிறும் பாய்மரமும் சரிய, இரண்டு டிராகன்களாகப் பிரிந்து எழுகிறது. அந்தக் கப்பலில் வாழ்ந்து, அதிலேயே மகனைப் பெற்று வளர்த்த ஆல்தியாவும் பிராஷனும் ஒரே நாளில் வீடும் தொழிலும் இல்லாதவர்கள். ஆல்தியாவின் குடும்பக் கப்பலான விவேசியாவும் தன் முறையைக் கேட்கிறது. அதன் தளத்தில் உயிர்விட்ட மூன்று தலைமுறைகளின் நினைவும் அந்தப் பலகைகளுக்குள்தான் இருக்கிறது. அமில ஆற்றில் இனி எது சரக்கு ஏற்றிப்போகும், கடன்பத்திரங்கள் என்ன ஆகும், கப்பலில்லாத வணிகக் குடும்பத்துக்கு அவையில் இடமுண்டா என்று ஊர் தவிக்கிறது. விவேசியா ஆற்றின் மேல்போக்கில் கெல்சிங்ராவை நோக்கிப் போகவேண்டும் என்கிறது. அதைச் செலுத்தவேண்டியவர்கள் அதே குடும்பத்தினர்.